ஆதிரை என்றொரு மரம்

தியாகு ஒரு நாளைக்கு இருபத்திரண்டு சொற்கள் பேசுவார். அத்தனையும் மரப்பெயர்கள்.

காலை ஆறரை மணிக்கு ஆதிரை அவருடைய கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுவாள். வலது காதுக்குப் பின்னால், எலும்பின் மேல், மொச்சைக்கொட்டை அளவுள்ள பொத்தானை ஒட்டுவாள். பிறகு இருவரும் வில்லிவாக்கம் தாங்கல் கரைத் தெருவில் இறங்கி நடப்பார்கள். முதல் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைத் தியாகு நிமிர்ந்து பார்ப்பார். கண்ணாடி விளிம்பில் பதித்த கடுகளவு கண் அந்த மரத்தின் இலையையும் பட்டையையும் கிளை பிரியும் விதத்தையும் ஒரு நொடியில் அளந்துவிட்டுப் பெயரைச் சொல்லும். அது எலும்பு வழியாக அவருக்கு மட்டும் கேட்கும். தியாகுவின் உதடுகள் அசையும். சில நாள் உடனே, சில நாள் அரை நிமிடம் கழித்து, "வேம்பு" என்பார். அடுத்து "புங்கை". அடுத்து "பூவரசு".

போன ஆவணியில் வந்த பக்கவாதம் அவர் கைகால்களை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. யார் என்ன பேசினாலும் அவருக்குப் புரியும். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். சீட்டாட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் தோற்கடிப்பார். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டத்தான் முடியும். தண்ணீர் என்ற சொல் வராது. எழுதவும் வரவில்லை.

கண்ணாடி சொன்னால் சொல் வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஃபர்ஹானா. பொருளைப் பார்க்கும் அதே கணத்தில், தினமும் மாறாத ஒரே குரலில், எலும்பு வழியாகப் பெயர் கேட்டால் மூளைக்குள் ஏதோ ஒரு கதவு திறக்கிறது என்றாள். எல்லாப் பொருளுக்கும் அது நடக்கவில்லை. மரங்களுக்கு மட்டும் நடந்தது. ஏன் என்று ஃபர்ஹானாவுக்குத் தெரியவில்லை, ஆதிரைக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக்கு மரங்களைச் சொல்லிக்கொடுத்தவர்களில் தியாகுவும் ஒருவர்.

அது முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது சென்னையில் பாதிப் பேருக்கு வேம்பையும் புங்கையையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. வெப்ப ஆண்டுகள் வந்த பிறகு நிலைமை மாறியது. சித்திரையில் பகல் பத்து மணிக்கு மேல் வெறும் வெயிலில் நூறடி நடந்தவர்கள் மயங்கி விழுந்தார்கள். எந்த மரத்தடியில் நின்றால் எத்தனை பாகை வெப்பம் குறையும், எது எந்த மாதத்தில் இலை உதிர்க்கும் என்பதெல்லாம் உயிர் பிழைக்கத் தேவையான அறிவாயிற்று. அந்த அறிவை எல்லோருக்கும் கொடுக்கத்தான் பெயர்க்கண் என்ற இந்தக் கண்ணாடி வந்தது. இப்போது அதை மாட்டாமல் யாரும் தெருவில் இறங்குவதில்லை. காலைச் செய்தியோடு நிழல் அறிக்கையும் வாசிக்கிறார்கள். வீட்டுக்கு வழி கேட்டால் மூன்றாவது புங்கைக்கு எதிர்வீடு என்கிறார்கள்.

பெயர்க்கண் மனிதர்களின் பெயரைச் சொல்லாது. சட்டம் அதைத் தடுத்திருந்தது. யாரோ ஒருவர் நம்மைப் பார்த்ததுமே நம் பெயர் அவருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று போட்ட நல்ல சட்டம்தான். ஆனால் அதனால் தியாகுவுக்கு மனைவியின் பெயரைச் சொல்லிக்கொடுக்க எந்தக் கருவியும் இல்லை. ஃபர்ஹானா பலவிதமாக முயன்றாள். புகைப்படத்தைக் காட்டினாள், ஆதிரையின் குரலிலேயே பதிவுசெய்து போட்டுப் பார்த்தாள். ஆதிரை அவர் எதிரில் உட்கார்ந்து, ஆ, தி, ரை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். சொல் மட்டும் வராது.

ஆனாலும் நடையின் கடைசியில், வடிகால் திரும்பும் முனையில், இருபத்திரண்டாவது மரம் ஒன்று நின்றது. அதைப் பார்த்ததும் கண்ணாடி ஒரு பெயர் சொல்லும். தியாகு மரத்திடமிருந்து தலையைத் திருப்பி, அவளைப் பார்த்து, "ஆதிரை" என்பார்.

ஒரு நாளைக்கு ஒருமுறை. அதற்காகத்தான் அவள் காலை ஐந்தரை மணிக்கே எழுந்தாள்.

அந்த மரத்தை அவளுக்கு நீண்ட நாளாகத் தெரியும். திருமணமாகி இரண்டு வருடம் கழித்து, பெயர்க்கண் முதன்முதலில் விற்பனைக்கு வந்த சமயம், தியாகு அவளை அங்கே கூட்டிவந்து கண்ணாடியை மாட்டிவிட்டார். மேலே பார் என்றார். பங்குனி மாதம். மரம் முழுக்கப் பூ. வெள்ளையாக விரிந்து நாளாக ஆக மஞ்சளாகும் பூக்கள்; ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் பூனை மீசை மாதிரி ஊதா இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. காதுக்குள் அவள் பெயரே கேட்டது. நட்சத்திரத்தைப் பார்த்து அப்பா வைத்த பெயர் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். தன் பெயரில் ஒரு மரம் இருக்கிறது என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தியாகு ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

இந்தப் பங்குனியில் அதே மரத்தின் இடுப்பில் ஒரு சிவப்பு வளையம் வரைந்திருந்தார்கள்.

*

வட்ட மர அலுவலர் தேவசகாயம் பொறுமையான மனிதர். மழைநீர் வடிகாலை அகலப்படுத்தாவிட்டால் ஐப்பசியில் தாங்கல் கரையின் நான்கு தெருக்களிலும் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதை தன் அலுவலகத்துக்கு வந்த ஆதிரைக்கு வரைபடத்தை வைத்து விளக்கினார். நாட்டு மரப் பட்டியலில் உள்ள மரம் குறுக்கே வந்தால் வடிகாலை வளைத்துக் கட்ட வேண்டும், அது சட்டம். பட்டியலில் இல்லாத மரம் என்றால் வெட்டிவிட்டு வேறிடத்தில் பத்துக் கன்று நட வேண்டும், அதுவும் சட்டம். ஆதிரை என்ற மரம் பட்டியலில் இல்லை.

பெயர்க்கண்ணில் இருக்கிறதே, ஊரே அப்படித்தானே சொல்கிறது என்றாள் அவள். ஊர் அப்படிச் சொன்னது மட்டுமல்ல. பெயர்க்கண் எந்தப் பெயருக்கும் இரண்டு வரி விளக்கம் தானாகவே எழுதிக்கொள்ளும். ஆதிரை மரம் திருவாதிரை நட்சத்திரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது என்று அது எப்போதோ எழுதிக்கொண்டது. அதை நம்பி மார்கழித் திருவாதிரையன்று பெண்கள் வந்து அந்த மரத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள்.

"பட்டியல் பழைய தாவர நூல்களை வச்சுப் போட்டது மேடம்," என்றார் தேவசகாயம். "அந்த நூல் ஒண்ணுலயும் ஆதிரைன்னு ஒரு மரம் இல்ல. சித்த மருத்துவ நூல்ல தேடினேன், அகராதியில தேடினேன். எங்கயும் இல்ல. இருபத்தொம்பது வருஷமா யாரும் கேக்கவும் இல்ல. பேர் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் யார் கேள்வி கேக்குறாங்க?"

அவர் நல்லவர் என்பதால் இன்னொன்றும் செய்தார். பெயர்க்கண்ணின் ஆதிப் பதிவுகளைத் திறந்து, இந்தப் பெயர் முதலில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். முப்பத்தொரு படங்கள் இருந்தன. எல்லாம் ஒரே நாளில், ஒரே மரத்தை எடுத்தவை. பெயர் கொடுத்தவர் பெயரிடுநர் எண் பதினேழு. படங்களின் கீழே ஒரு குறிப்பு இருந்தது. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

பெயர் தெரியவில்லை. இப்போதைக்கு இவள் பெயர். சரிபார்க்க வேண்டும்.

ஆதிரை அதை மூன்றுமுறை படித்தாள். பதினேழு என்ற எண் அச்சிட்ட தியாகுவின் அட்டை இன்னும் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. படத்தின் தேதி அவர்கள் திருமணம் முடிந்து ஆறாவது மாதம். அந்த நாட்களில் தியாகு தினமும் முன்னூறு மரங்களைப் படமெடுத்துப் பெயரிட வேண்டியிருந்தது. பெயர்க் கட்டத்தை வெற்றாக விட்டால் கருவி ஏற்காது. தெரியாத ஒரு மரத்துக்கு, மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று, முதலில் மனதில் வந்த பெயரைப் போட்டிருக்கிறார். மறுநாள் வேறு முன்னூறு மரங்கள் வந்திருக்கும்.

மரத்தின் பெயர் அவளுக்கு வந்ததல்ல. அவள் பெயர் மரத்துக்குப் போயிருந்தது. ஒரு நகரமே அதைக் கற்றுக்கொண்டு, கயிறு கட்டிக் கும்பிட்டிருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. தேவசகாயம் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சரியான பெயரைக் கண்டுபிடித்து, அது பட்டியலில் இருந்து, விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் மரத்தைத் தொட மாட்டார்கள் என்றார். நகரில் பெயர்க்கண் ஆதிரை என்று சொல்லும் மரங்கள் மொத்தம் பத்தொன்பது. இந்த வடிகால் பாதையில் மட்டும் நான்கு.

அன்று திங்கட்கிழமை.

*

ஆதிரை முப்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். குழாயில் பெயர் மாற்றி ஒட்டினால் ஓர் ஆளுக்கு இன்னொருவர் நோய்க்கான மருந்து போகும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே சொன்னவள். ஆனால் ஒரு மரத்தைக் கருவியின் உதவியில்லாமல் பார்ப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மரத்தடியில் நின்றாள். முதலில் மரம் வெறும் பச்சையாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக வந்தது. ஒரு காம்பில் மூன்று இலைகள். சாம்பல் பட்டையில் வெள்ளைப் புள்ளிகள். பூ ஒரே நிறமில்லை. கொத்தின் நுனியில் வெள்ளை, கீழே போகப் போக மஞ்சள். மூன்றிலை என்றதும் வில்வமாக இருக்குமோ என்று நினைத்தாள். பக்கத்துக் கோயிலில் இருந்த வில்வத்திலிருந்து ஓர் இலை வாங்கிவந்து இரண்டையும் தியாகுவிடம் கொடுத்தாள்.

அவர் வில்வ இலையைக் கசக்கி முகர்ந்தார், தலையை ஆட்டினார். மற்றதைக் கசக்கி முகர்ந்து மூக்கைச் சுளித்தார். பிறகு மரத்தின் கிளையைப் பிடித்து இழுத்து, அவள் விரலை எடுத்துக் கிளை நெடுகத் தடவிக் காட்டினார். முள் இல்லை. வில்வத்துக்கு முள் உண்டு. அதைச் சொல்ல ஒரு சொல்லும் அவரிடம் இல்லை. ஆனாலும் அவர் கண்கள் முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தியாகுவின் கண்களாக இருந்தன.

புதன்கிழமை இருவரும் ஒரு பழைய கல்லூரி நூலகத்துக்குப் போனார்கள். அச்சிட்ட தாவர நூல்களை அங்கே ஒரு தனி அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். நூலகர் தூசியைத் தட்டி எடுத்துக் கொடுத்தபோது, இந்த வருடத்தில் இதைக் கேட்டு வந்தவர்கள் நீங்கள்தான் என்றார். அந்த நூல் பெயரைச் சொல்லவில்லை, கேள்வி கேட்டது. இலை தனி இலையா, கூட்டிலையா? கூட்டிலை என்றால் எத்தனை? முள் உண்டா? பூவின் இழைகள் இதழைவிட நீளமா? காய் தனிக் காம்பில் தொங்குகிறதா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பக்கம் தள்ளிப் போகச் சொன்னது. ஆதிரை உரக்கப் படிப்பாள். தியாகு தாளில் பொதிந்து கொண்டுவந்திருந்த பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆம் என்றோ இல்லை என்றோ தலையாட்டுவார். இரண்டு இடத்தில் வழி தவறித் திரும்ப முதலிலிருந்து வந்தார்கள். நான்கு மணி சுமாருக்கு அவர் அவள் கையிலிருந்த நூலை வாங்கி, பதினைந்து பக்கங்களைப் புரட்டி, ஒரு கோட்டுச் சித்திரத்தின் மேல் விரலை வைத்தார்.

மூன்றிலை. மீசை. நீண்ட காம்பில் உருண்டைக் காய். கீழே தமிழில் அச்சிட்டிருந்தது: மாவிலங்கம்.

தேவசகாயத்தை அங்கிருந்தே கூப்பிட்டாள். நாட்டு மரப் பட்டியலில் மாவிலங்கம் இருந்தது. பெயர்க்கண்ணின் பெயர்த் தொகுப்பிலும் அந்தப் பெயர் இருந்தது. ஆனால் அதன் கீழே ஒரு படம்கூட இல்லை. யாருக்கும் மாவிலங்கம் கிடைக்கவில்லை என்று அத்தனை வருடமும் அது காலியாகவே கிடந்திருக்கிறது.

*

ஃபர்ஹானா வியாழக்கிழமை வந்தபோது ஆதிரை எல்லாவற்றையும் சொன்னாள். பெயர்க்கண்ணின் பெயர்த் தொகுப்பு ஊருக்கெல்லாம் பொதுவானது, ஓர் ஆளுக்கு மட்டும் பழைய பெயரை வைத்துக்கொள்ள வழியில்லை என்று ஃபர்ஹானாதான் நினைவுபடுத்தினாள். பெயர் மாறிய நாளிலிருந்து அந்த மரத்தடியில் கண்ணாடி மாவிலங்கம் என்றுதான் சொல்லும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நானே காதில் சொன்னால் வராதா என்று ஆதிரை கேட்டாள். அதை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்தவர்கள்தான் இருவரும். அவர் சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

"வேற வழி ஒண்ணு இருக்கு ஆன்ட்டி," என்றாள் ஃபர்ஹானா. "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அயனாவரத்துல ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ள ஒரு ஆதிரை மரம் இருக்கு. அங்க எந்த வடிகாலும் வரப் போறதில்ல. பஸ்ல இருபது நிமிஷம். நீங்க எதுவும் எழுதிக்கொடுக்கலேன்னா, அது அந்தப் பேரோடயே இருக்கும்."

அன்று மாலையே ஆதிரை அவரைப் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப்போனாள். அந்த மரம் இளையது, பூ குறைவு. தியாகு அண்ணாந்து பார்த்தார். திரும்பினார். "ஆதிரை" என்றார், தெருமுனையில் சொல்வது போலவே தெளிவாக.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு விண்ணப்பத்தை அனுப்பாமல் இருப்பது பெரிய குற்றமொன்றும் இல்லை. நான்கு மரங்கள் போகும். நாற்பது கன்றுகள் வரும். ஊரில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தினமும் தன் பெயர் கிடைக்கும். ஆறு மாதமாக அந்த ஒரு சொல்லைச் சாப்பிட்டுத்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். அதை ஏன் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மற்றப் பதினைந்து மரங்களும் ஆளுக்கொரு வடிகாலுக்கும் பாலத்துக்கும் காத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத பெயரைச் சுமந்து நிற்கின்றன என்பதும் கூடவே மனதில் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் தியாகுவின் எதிரில் உட்கார்ந்தாள். பதிவின் நகலைக் காட்டிப் படித்தாள். இப்போதைக்கு இவள் பெயர் என்ற வரி வந்தபோது தியாகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவ்வளவு சிரிப்பை அவரிடம் அவள் ஆவணிக்குப் பிறகு பார்த்ததில்லை.

"சிரிக்காத. முப்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்க," என்றாள்.

பிறகு மற்றதையும் மறைக்காமல் சொன்னாள். பெயரை மாற்ற முதலில் பெயர் கொடுத்தவரே கைரேகை வைக்க வேண்டும். அவர் வைத்தால் மரம் நிற்கும். ஆனால் மரம் அவள் பெயரை அதன் பிறகு சொல்லாது. அவராலும் சொல்ல முடியாமல் போகலாம்.

"புரியுதா தியாகு? நீ என்னைக் கூப்புடுறது அந்த ஒரு எடத்துலதான்."

அவர் தலையாட்டினார். புரிந்தது. விண்ணப்பப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக் கட்டைவிரலை வைத்தார். உடனே வைத்துவிட்டார். கொஞ்சமாவது தயங்கியிருக்கலாமே என்று அவளுக்கு இருந்தது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. அவர் பலகையை அவளிடம் நகர்த்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

*

அடுத்த புதன்கிழமை பெயர் மாறியது. சிவப்பு வளையத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். தெருப் பெண்கள் சிலர் தேவசகாயத்திடம் சண்டைக்குப் போனார்கள். திருவாதிரை மரத்தை எப்படி நீங்கள் மாற்றலாம் என்று கேட்டார்கள். அவர் மாவிலங்கம் கோயில்களில் தல மரமாக நிற்கும் மரம்தான் என்று எடுத்துச் சொன்னதும் சமாதானமாகிக் கயிற்றை அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை காலை ஆதிரை வழக்கம்போல அவருக்குக் கண்ணாடி மாட்டினாள். வேம்பு, புங்கை, பூவரசு என்று இருபத்தொன்றும் வந்தன. முனையில் தியாகு மரத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி ஏதோ சொன்னது. அவர் நெற்றி சுருங்கியது. அவளைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். அதன் பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். உதடு அசையவே இல்லை. அவள் போதும், வா என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

வெள்ளியும் அப்படித்தான். சனியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் முனை வரைக்கும் போகாமல் இருபத்தோராவது மரத்தோடு திரும்பிவிட்டாள். சரியான காரியம்தான் செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அயனாவரத்து மரத்தடியில் கேட்ட அந்தக் குரலை நினைத்து அழுதாள்.

"மாவிலங்கம்."

முன்னறையிலிருந்து கேட்டது. ஜன்னல் வழியாக எதையோ பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தாள். அங்கிருந்து பார்த்தால் அந்த மரம் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கண்ணாடி மேசை மேல் மடித்து வைத்திருந்தது. காதுப் பொத்தானும் அங்கேதான் இருந்தது. தியாகு பொத்தான் அறுந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து நின்றார்.

"மாவிலங்கம்," என்றார் அவளிடம். சட்டையைக் காட்டினார்.

அவள் ஊசியும் நூலும் எடுத்துவந்து உட்கார்ந்தாள். நூல் கோக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் ஃபர்ஹானா வந்து சோதித்தாள். குடத்தைக் காட்டினால் சொல் இல்லை. நாற்காலிக்குச் சொல் இல்லை. ஆதிரையின் புகைப்படத்தைக் காட்டினால் உடனே, எந்தக் கருவியும் இல்லாமல், மாவிலங்கம். எதிரில் வந்து நின்றாலும் மாவிலங்கம். புகைப்படத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு உங்கள் மனைவி பெயர் என்ன என்று கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பதைப் போல ஃபர்ஹானாவைப் பார்த்துவிட்டு, மாவிலங்கம்.

ஃபர்ஹானா அவளைத் தனியே அழைத்துப்போய் விளக்கினாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் மரத்தையும் அவளையும் அவர் ஒரே இடத்தில் வைத்துவிட்டார். அந்த இடத்தில் பழைய சொல் அடைபட்டுக் கிடந்தது. கண்ணாடி தட்டினால் மட்டும் வெளியே வந்தது. இந்தப் புதிய சொல் வேறு. அதைக் கருவி கொடுக்கவில்லை. இலையைக் கசக்கி, முள்ளைத் தடவி, பக்கம் பக்கமாகத் தேடி அவரே கண்டுபிடித்தது. அதனால் அது அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

"நோய் வந்ததுக்கப்புறம் அவரா எடுத்த முதல் சொல் ஆன்ட்டி இது. ஆனா தப்பான சொல். திருத்தணும்னா இப்பவே ஆரம்பிக்கணும், நல்லா படிஞ்சுட்டா அப்புறம் மாத்த முடியாது. ஆரம்பிக்கட்டுமா?"

ஆதிரை உள்ளே பார்த்தாள். தியாகு சீட்டுக்கட்டைக் கலைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டை உயர்த்திப் பிடித்து, அவள் பார்க்க வேண்டும் என்பதற்காக, அந்தச் சொல்லை இன்னொருமுறை சொன்னார்.

"வேணாம்மா," என்றாள் ஆதிரை. "கூப்புடட்டும்."

வைகாசியில் ஒரு நாள் காலை, தாங்கல் கரைத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் நிழல் பார்த்து நடந்துகொண்டிருந்தார். மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் உரத்த குரலில் மாவிலங்கம் என்று கத்தினார். புதியவருக்கு ஆர்வம், அந்த மரத்தை அவர் பார்த்ததில்லை. நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். வேம்பு என்றது கருவி. புங்கை என்றது. பூவரசு என்றது. மாடியிலிருந்து மறுபடியும் குரல் வந்தது. கீழே காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் அண்ணாந்து பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"இதோ வந்துட்டேன், இரு."